டயர்தட்டிகளும் ஒரு சின்ன நீலக் காரும்

டயர்தட்டி என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள். பழைய கார் விற்கிற இடம் எதற்காவது போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். நிச்சயம் ஒன்று கண்ணில் படும். வாங்க வந்தவர் ஒரு பக்கம் பயந்துபோய் நிற்பார், விற்கிறவர் இன்னொரு பக்கம் சிரித்தபடி நிற்பார், இருவருக்கும் நடுவில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காரைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்து, ஒன்றும் பேசாமல், முன்பக்க டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "ம்ம்" என்று சொல்பவர் யாரோ, அவரே டயர்தட்டி. வாங்குவது அவரல்ல. விற்பதும் அவரல்ல. ஆனால் அந்த "ம்ம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் இருவரும் தவித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தட்டில் அவருக்கு என்னதான் தெரிகிறது? டயரில் காற்று இருக்கிறது என்று தெரிகிறது. அது தூரத்தில் நிற்கும் நமக்கே தெரிகிறதே! ஆனால் கேட்டுவிட முடியுமா? அதற்குள் அவர் பானெட்டை விரல் முட்டியால் தட்டி, "வெறும் தகரம்" என்று தீர்ப்புச் சொல்லி, ஆயில் அளக்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லித் தலையைச் சாய்த்து நின்று, "ஒரு சத்தம் வருது, கேக்குதா?" என்று கேட்டிருப்பார். கேட்கவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? எல்லோரும் தலையாட்டுவார்கள். விற்கிறவர் உட்பட.

எங்கள் குடும்பத்துக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார். என் அண்ணியின் தம்பி. தண்ணீர் வரி அலுவலகத்தில் வேலை. சொந்தக்காரர்களில் யார் கார் வாங்கினாலும் அரை நாள் லீவு போட்டுவிட்டு முதல் ஆளாக வந்து நிற்பார். அவரிடம் கார் கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை. அவருடைய பரிசோதனையில் தேறக்கூடிய காரை இதுவரை எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்கவில்லை என்பதுதான் காரணம். பஸ்ஸில்தான் போவார். ஏறுவதற்கு முன் அதன் டயரையும் ஒரு தட்டுத் தட்டுவார் என்று அவருடைய அலுவலகத்தில் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

என் அண்ணன் மகளுக்கு இப்போதுதான் வேலை கிடைத்தது. பிசியோதெரபிஸ்ட். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த மாதம் முதல் தேதி சொந்தக் காரோடு வர வேண்டும். வராவிட்டால் அந்த வேலை, வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. பெண்ணின் லைசென்ஸில் இன்னும் மை காயவில்லை. மருந்துக் கடையில் பகுதி நேரமாக நின்று சேர்த்த பணம் கையில் கொஞ்சம் இருந்தது.

"மாமா இருக்கிறப்ப உனக்கென்னடி கவலை?" என்றார் அண்ணி. கவலை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் பார்த்தது வெள்ளைக் கார். "அழுக்காகும்" என்றார் மாமா. அடுத்தது கறுப்பு. "வெயில்ல அடுப்பு." ஒரு டாக்டரம்மா வைத்திருந்த வண்டி பளபளவென்று நின்றது. "ஓட்டாமலே வெச்சு வீணாக்கியிருப்பாங்க." டாக்சிக்காரர் ஒருவரின் வண்டி. "ஓட்டியே வீணாக்கியிருப்பான்." இன்னொன்றில் எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியாமல் நெடுநேரம் திணறி, கடைசியில் விற்கிறவரைத் தனியே கூப்பிட்டு, "இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விக்கிறீங்க?" என்று போலீஸ்காரர் குரலில் கேட்டார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "பாத்தியா, பதில் சொல்லல!" என்றார் மாமா வெற்றியோடு. முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் ஒன்று மாமாவுக்குப் பிடித்துவிட்டது. பழையது, பெரியது, விலை மட்டும் சின்னது. ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஏற்றலாம். "இதாம்மா வண்டி! முட்டினா எதிர்ல வர்றவனுக்குத்தான் அடி!" என்று பூரித்துப்போய் அதன் டயரை இரண்டு தடவை தட்டினார். மாமாவின் கணக்கில் கார் என்றால் டயர், எஞ்சின், தகரம் அவ்வளவுதான். இன்சூரன்ஸ் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில்லை. பெண்தான் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

அங்கிருந்த பெண் குமாஸ்தா வயதைக் கேட்டாள், லைசென்ஸ் எடுத்து எத்தனை மாதம் என்று கேட்டாள், எஞ்சின் அளவைக் கேட்டாள், தொகையைச் சொன்னாள். அண்ணன் மகள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டாவது தடவையும் குறையவில்லை.

"மாமா, வண்டி விலையை விட இன்சூரன்ஸ் ஜாஸ்தியா இருக்கே!"

"சின்ன வயசுக்காரங்களுக்கு அப்படித்தான் போடுவாங்க. எங்களுக்குத் தெரியாதா?" என்றார், அந்த நொடியில்தான் தெரிந்துகொண்ட மாமா. "உங்கம்மா பேர்ல போடு. லைசென்ஸ் எடுத்து எத்தனையோ வருஷமாச்சு. பாதியா குறைஞ்சிடும்."

ஸ்பீக்கரில் குமாஸ்தா தொண்டையைச் செருமினாள். "வண்டியை உங்க அம்மாவா ஓட்டப் போறாங்க?"

அண்ணி போனுக்குப் பக்கத்தில் குனிந்து, மிகுந்த பொறுப்போடு சொன்னார்: "ஐயோ, லைசென்ஸ் எடுத்த அன்னிக்கு ஓட்டினதோட சரிம்மா. இப்ப எனக்கு சைக்கிள்கூட வராது."

குமாஸ்தா பொறுமையாகச் சொன்னாள்: "அப்படி எழுதினா, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஒரு காசு வராதுங்க. சின்ன எஞ்சின் வண்டியா பாருங்க. நாங்க ஒரு குட்டிப் பெட்டி பொருத்தித் தர்றோம். நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். நிதானமா ஓட்டினா மூணு மாசத்துல பிரீமியம் இறங்கும். முரட்டுத்தனமா ஓட்டினா ஏறும்."

மறுநாள் பெண் யாரிடமும் சொல்லாமல், ஒரு மெக்கானிக்கை மட்டும் கூட்டிக்கொண்டு போய், ஒரு பள்ளிக்கூட ஆசிரியையிடமிருந்து சின்ன நீலக் கார் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். பெட்டியையும் பொருத்தியாயிற்று. முதல் தேதி காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செய்தி கேட்டு மாமா வந்தார். முகம் உர்ரென்று இருந்தது. காரை ஒரு சுற்று வந்தார். அது போதாதென்று இன்னொரு சுற்று. டயரைத் தட்டினார். "ம்ம். பரவாயில்ல. நான் இருந்திருந்தா விலையை இன்னும் அடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்தார். பெண்ணுக்கு ஓட்டப் பழக்குகிறாராம்.

டயர்தட்டி நிற்கிற காருக்குப் புலி. ஓடுகிற காருக்குள் வைத்துப் பாருங்கள், வேறு பிராணியாகிவிடும். தெருக்கோடியில் ஒரு சைக்கிள் தெரிந்தால் "பிரேக்!" பச்சை விளக்கு எரிந்தால், மஞ்சளாகிவிடுமோ என்று "பிரேக்!" நடைபாதையில் சும்மா படுத்திருந்த நாய் கண்ணைத் திறந்தால் "பிரேக்! பிரேக்!" புதிதாக ஓட்டுகிற பெண் என்ன செய்வாள்? பதறிப்போய் மிதித்தாள். சீட்டுக்கு அடியில் குட்டிப் பெட்டி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தது.

முதல் மாதம் முடிந்ததும் போனுக்குத் தகவல் வந்தது. திடீர் பிரேக் மிக அதிகம், இப்படியே போனால் பிரீமியம் ஏறும் என்று. வருகிற சம்பளத்தில் இருக்கிற பிரீமியத்தையே இழுத்துப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். ஏறினால் காரை விற்க வேண்டும். கார் போனால் வேலை போகும். "சித்தப்பா, நான் நிதானமாத்தான் ஓட்டுறேன்" என்று என் வீட்டு வாசலில் நின்று அழுதாள். எந்தெந்த நாளில் என்று பார் என்றேன். பார்த்தாள். அத்தனையும் ஞாயிறு!

உடனே அதே குமாஸ்தாவுக்குப் போன் போட்டாள். "அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல ஆளு கத்துறது கேக்குமாங்க?"

"கேக்காதுங்க. பிரேக் மட்டும்தான் தெரியும்."

"எங்க மாமா அதுக்குத் தெரியவே மாட்டாரா?"

குமாஸ்தா சிரித்துவிட்டாள். "தினமும் யாராவது ஒருத்தர் இதைக் கேக்குறாங்க. மாமாவைப் பின் சீட்டுக்கு மாத்துங்க."

மாற்றினாள். வாயைத் திறந்தால் அடுத்த பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடுவேன் என்று சொல்லித்தான் கதவையே திறந்தாள். முன் சீட்டில் நான் இருந்தேன். கண்ணாடியில் மாமா தெரிந்தார். மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, ரவுண்டானா வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரே ஒரு தடவை "பி" என்று வாய் வரை வந்தது. பெண் கண்ணாடியில் பார்த்தாள், அவ்வளவுதான். மிச்சத்தை விழுங்கிவிட்டார். சிரிப்பு வந்தது எனக்கு, ஆனாலும் பாவமாகவும் இருந்தது. பெண்ணின் மேல் அவருக்கு உயிர். இல்லாவிட்டால் இத்தனை வேதனையை அனுபவிக்க வாராவாரம் வருவாரா?

மூன்று மாதம் முடிந்தது. பிரீமியம் இறங்கியது. அண்ணன் மகள் முதலில் போன் செய்தது மாமாவுக்குத்தான்.

"பாத்தியா!" என்றார் அவர். "எல்லாம் நான் கூட உக்காந்து பழக்கினதுதான்!"

"ஆமா மாமா" என்றாள் அவள். அவளுக்கு வேலை நிலைத்துவிட்டது. வாதாட என்ன இருக்கிறது?

நானும் முடித்துவிடலாம். ஆனால் போகும் முன் உங்களை ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு தூரம் படித்தீர்களே, நடுவில் எங்கேயாவது, "எல்லாம் சரி, அந்த நீலக் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இந்த ஆள் சொல்லவே இல்லையே" என்று தோன்றியதா? நீலம் சீக்கிரம் வெளுத்துவிடுமே என்று? கொஞ்சம் பொறுத்திருந்தால் உங்கள் மச்சானின் நண்பரிடமே நல்ல வண்டி கிடைத்திருக்குமே என்று? வேண்டுமென்றேதான் நான் சொல்லவில்லை. இப்போதாவது சொல்லித் தொலையேன் என்று மனம் அரிக்கிறதல்லவா?

அப்படியானால் செருப்பை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். பின் சீட்டில் மாமாவைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்கிறேன்.