பண்டாரவளை அலுமாரி பசறையில் குடியேறிய விவரம்

பசறைக் கடைவீதி,
1913 மார்ச்

கண்ணியத்துக்குரிய மச்சான் றஹீம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை லரீபாவின் கணவன் ஜுனைதீன் மகள் வீட்டிலிருந்து எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் சுகம், தங்கள் மருமகள் ஸவாஹிராவும் சுகம், அவள் மாப்பிள்ளை ஜௌபரும் சுகம். தாங்கள் பண்டாரவளையிலிருந்து அன்பளிப்பாக அனுப்பிய அலுமாரியும் சுகம். எங்கள் மூவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலுமாரியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து படிக்கவும்.

கரத்தை வண்டி பதுளைக்கு வந்து என் வாசலில் நின்றதும், தாங்கள் சொல்லியனுப்பியதை வண்டிக்காரர் கணபதி அப்படியே ஒப்புவித்தார். "இந்த அலுமாரி கொள்ளாத வீட்டுல என் மருமக இருக்கக் கூடாது, கொள்ளலேன்னா அதே வண்டியில ரெண்டையும் ஏத்திக்கிட்டு வரச் சொல்லுன்னு மொதலாளி சொன்னாருங்க" என்றார். எனக்கு அது தேனாக இனித்தது, ஒளிப்பானேன்? கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறையில் என் மகள் குடித்தனம் நடத்துகிறாள் என்பது கலியாணமான நாளிலிருந்தே என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. பதுளை வீட்டில் கூடம் இருக்கிறது, முற்றம் இருக்கிறது, அவள் போனபின் அத்தனையும் வெறிச்சென்று கிடக்கிறது. அலுமாரி எப்படியும் கொள்ளாது, மகளைக் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று நானும் கரத்தையில் ஏறிக்கொண்டேன். பசறைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அலுமாரி ஒரு பக்கம் சாய்ந்தது, நான் மறுபக்கம் சாய்ந்தேன்; ஒரு வளைவில் இருவரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டதால் கணபதி என்னை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டார்.

இங்கே வந்து சேர்ந்தபிறகுதான் சங்கதி தெரிந்தது. தாங்கள் அளவு கேட்டதற்கு, அறை வாசல் மூன்று முழம் அகலம் என்று இங்கிருந்து பதில் வந்ததல்லவா? அலுமாரி மூன்று முழத்துக்கு ஒரு சாண் குறைவு என்று தாங்களும் அளந்து பார்த்து மகிழ்ந்தீர்கள். இரண்டும் சத்தியம்தான். ஆனால் வாசலை அளந்தது ஸவாஹிராவின் கை, அலுமாரியை அளந்தது தங்கள் கை. பள்ளிவாசல் விளக்கை ஏணி இல்லாமல் ஏற்றுகிற தங்கள் கை எங்கே, சீனி டின்னை எடுக்க முக்காலி தேடுகிற அவள் கை எங்கே! கடையின் முன்பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு அலுமாரியைக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டோம். அறை வாசலில் அது நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. உள்ளே போகவில்லை, வெளியே எடுக்கலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. கணபதி, "காலையில பாத்துக்கலாமுங்க" என்று மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு அலுமாரி நிற்கிறது, அந்தப் பக்கம் என் மகள் இருக்கிறாள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு, குடையைப் பிடித்து, பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டி, குசினிக் கதவால் உள்ளே போய், "மகள், துணிமணியை எடுத்து வை, புறப்படுவோம்" என்றேன்.

மச்சான், அந்த அறையைத் தாங்கள் பார்க்க வேண்டும். ஒரு கட்டில், அதன் பக்கத்தில் ஒரு பாய், அவ்வளவுதான் அகலம். பலமாகத் தும்மினால் நெற்றி சுவரில் இடிக்கும். ஆனால் அதற்குள் அவள் என்னவெல்லாம் வைத்திருக்கிறாள்! கட்டில் கால்களைச் செங்கல்மேல் ஏற்றி, கீழே அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுக்கியிருக்கிறாள். கைப்பிடி போன குடை ஒன்றைக் கூரையிலிருந்து கவிழ்த்துத் தொங்கவிட்டு அதில் வெங்காயம் போட்டிருக்கிறாள், காற்றோட்டத்தில் அழுகுவதில்லையாம். நான்கு கயிற்றில் ஒரு பலகை தொங்குகிறது. மேலே இழுத்துக் கட்டினால் பரண், விருந்தாளி வந்து இறக்கினால் படுக்கை. பெரிய சஹன் தட்டம் ஆணியில் மாட்டியிருக்கிறது. ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று முதலில் கண்டுபிடித்த மனிதர் இப்படி ஓர் அறையில்தான் குடியிருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பதுளையில் என் மூக்குக்கண்ணாடியைத் தேட லரீபா வீட்டைச் சுற்றி ஊர்வலம் வருவாள். இவள் இருந்த இடத்தில் இருந்தபடியே உப்பையும் ஊசியையும் தஸ்பீஹ் மணியையும் எட்டி எடுக்கிறாள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். துணி எடுத்து வைக்கச் சொன்னது மறந்தே போய்விட்டது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மேற்கு மூலையில், பாயை நாலாக மடித்துப் போடுகிற அளவு இடம் சும்மா கிடந்தது. ஊசி வைக்க இடமில்லாத அறையில் அங்கே ஒரு துரும்பு கூட இல்லை. "இவ்வளவு கெட்டிக்காரி இதை விட்டுவிட்டாயே, என் பையை அங்கே வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "அங்க வைக்க வாணாம் வாப்பா, அது ஒரு ஆளுக்கு எடுத்து வெச்ச எடம்" என்றாள். யார் அந்த ஆள் என்று கேட்கிற அளவுக்கு நான் மடையன்தான், கேட்டேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் விளங்கியது. மச்சான், நான் அழுதுவிட்டேன். என் வீட்டில் இத்தனை அறை இருந்தும் இப்படி ஓர் இடத்தை யாருக்காகவும் நான் ஒதுக்கி வைத்ததில்லை.

ஆனாலும் தங்கள் சொல் சொல்தானே. "எல்லாம் சரி மகள், அலுமாரி கொள்ளவில்லையே, மாமாவுக்கு என்ன சொல்ல?" என்றேன். "கொள்ளுற மாதிரி செய்வோம். நீங்க கடப் பக்கம் போய் ஈங்கோ வாப்பா" என்றாள். மறுபடி குடை, மறுபடி கான். கடையில் ஜௌபர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "மாமா, அவள கூட்டிட்டுப் போயிருவீங்களா?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை. நான் மழையைப் பார்த்தேன். அந்த நேரம் அலுமாரிக்குள் கிறீச், கிறீச் என்று சத்தம். எலி என்று நினைத்துத் தடியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். உள்ளே, உடுப்புத் தொங்க வேண்டிய இடத்தில், ஸவாஹிரா நின்றுகொண்டு, "தேத்தண்ணி வாப்பா" என்று கோப்பையை நீட்டினாள்.

தாங்கள் கோபிக்கக் கூடாது. அலுமாரியின் பின்பலகைகளைக் கழற்றிவிட்டாள், தேங்காய் உடைக்கிற கத்தியால். அதனால் வந்த நன்மையைக் கேளுங்கள். இதுவரை கடைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். காற்று அடித்தால் திரை பறக்கும், தோட்டத்து ஆட்களும் ஊர் ஆட்களும் சாமான் வாங்க நிற்கிற கடையில் அவள் நாளெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பாள். இப்போது தேக்கு மரச் சுவர், அதற்குப் பித்தளைப் பூட்டு! கதவைத் திறந்தால் வாசல், மூடினால் அலுமாரி. வெள்ளிக்கிழமை ஜௌபர் பள்ளிவாசல் ஆட்களை அழைத்தார். சஹன் அலுமாரிக்குள்ளிருந்து வந்தது, கொண்டுவந்த கை யார் கண்ணிலும் படவில்லை. அலுமாரிக் கண்ணாடியில் தலை சீவிப் பார்க்கிறவர்கள் சீப்பும் வாங்கிப் போகிறார்கள். கழற்றிய பலகைகளை ஜௌபர் இழைத்துத் தொட்டில் செய்துகொண்டிருக்கிறார். அது எந்த மூலைக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அலுமாரி வீட்டுக்குள் கொள்ளவில்லை மச்சான், வீடு அலுமாரிக்குள் கொண்டுவிட்டது. எப்படியோ, தங்கள் சொல் நிறைவேறிவிட்டது.

ஆகவே நான் மட்டும் பதுளைக்குத் திரும்புகிறேன். மனம் நிறைந்துதான் திரும்புகிறேன், கொஞ்சம் கனத்தும் இருக்கிறது. தங்கள் வீட்டில் மதினி ஸகீனாவுக்கு என் ஸலாம். வர இருக்கும் அந்த ஒரு ஆளுக்காகத் தாங்கள் இருவரும் கையேந்தித் துஆ செய்ய வேண்டும். அல்லாஹ் தங்கள் வீட்டில் பரக்கத்தையும் தங்கள் மனதில் பொறுமையையும் நிறைத்து வைப்பானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
ஜுனைதீன்

பின்குறிப்பு: இதைக் கொடுத்தனுப்பலாம் என்று வெளியே வந்தால், போன வாரம் திரும்பிப் போன கணபதி வெறும் கரத்தையோடு வந்து நிற்கிறார். "அந்த அலுமாரி மொதலாளியம்மாவோட தாய்வீட்டுச் சீதனமாமுங்க. மொதலாளி கேக்காம அனுப்பிட்டாராமுங்க. இப்ப அவரு வாசல் இஸ்தோப்புத் திண்ணையிலதான் படுக்குறாருங்க. ஒடனே ஏத்தியாரச் சொன்னாங்க" என்கிறார். மச்சான், மேலே எழுதிய அத்தனையும் ரத்து. மதினியின் பொருளைத் தரமாட்டேன் என்று சொல்ல நான் யார்? ஆனால் அலுமாரியை எடுத்தால் சுவர் போய்விடும், அலுமாரி இல்லாத வீட்டில் தங்கள் மருமகள் இருக்கக் கூடாது என்பது தாங்கள் போட்ட சட்டம். எனவே அதே கரத்தையில் அவளும் மாப்பிள்ளையும் வெங்காயக் குடையும் தொட்டிலும் பண்டாரவளைக்கு வரத்தான் வேண்டும். ஸவாஹிராவிடம் சொன்னேன். அலுமாரியைத் திறந்து தலையை நீட்டி, "மாமாட கூடத்து வாசல் எத்தன மொழம் எண்டு கேட்டெழுதுங்கோ வாப்பா. இந்த மொற மாமிட கையால அளக்கச் சொல்லுங்கோ" என்றாள்.