கரையில் நிற்பவருக்குப் படிவம் இல்லை

கலைஞர்களுக்கும் மனசு என்று ஒன்று உண்டு என்பதை இசைவிழாக் குழு பதினோரு கூட்டம் கூட்டி ஒருமனதாகக் கண்டுபிடித்தது. பன்னிரண்டாவது கூட்டத்தில், மேடைக்குப் பின்னால் ஒயர் இழுக்கிறவர்களுக்கும் அது இருக்கக்கூடும் என்று ஒரு உறுப்பினர் சந்தேகம் கிளப்பினார். அதையும் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

இந்த ஞானம் சும்மா பிறக்கவில்லை. போன வருஷம் டிரம்ஸ் வாசிக்கிறவர், பாட்டு பாதியில் இருக்கும்போதே போதையில் தன் டிரம்ஸ் மேலேயே கவிழ்ந்துவிட்டார். விழுந்த சத்தம் தாளத்தோடு சரியாகப் பொருந்தியதால் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆள் எழுந்திருக்கவில்லை என்பது அடுத்த பாட்டில்தான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார், அது அவர் அதிர்ஷ்டம். குழுவுக்கோ ஆழ்ந்த கவலை பிறந்தது, கவலையை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று ஒரு கூடாரம் போட்டார்கள்.

"கலைஞர் மற்றும் பணியாளர் மனநல மேம்பாடு மற்றும் பழக்கமீட்பு ஆதரவு மையம்." பெயர்ப்பலகை கூடாரத்தைவிட நீளம். இரண்டு பக்கமும் கம்பு நட்டுத் தாங்க வேண்டியிருந்தது. உள்ளே வாசனை மெழுகுவத்தி, கையில் வைத்து உருட்டினால் நம் கவலையை வாங்கிக்கொள்ளும் கூழாங்கற்கள் ஒரு கிண்ணம், பெரியவர்கள் வர்ணம் தீட்ட மயில் படம் போட்ட புத்தகங்கள், உட்கார்ந்தால் ஆளை விழுங்குகிற பீன் பேக் இரண்டு. ஆலோசகர் ஒருவர்தான் பாக்கி. அவர் நியமனக் கோப்பு மேஜை மேஜையாக நடந்துகொண்டிருந்தது.

இடம்தான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். மைதானத்தில் காலியாக இருந்தது உபசரிப்பு அரங்குக்குப் பின்பக்கம் மட்டும். உபசரிப்பு அரங்கு என்றால் வேறொன்றுமில்லை, கலைஞர்களும் பணியாளர்களும் குடிக்கிற இடம். கைப்பட்டையோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கூப்பன் கொடுத்திருந்தார்கள், மூன்று கோப்பைக்கு. குடியை விட நினைக்கிறவர் அந்த அரங்குக்குள் நுழைந்து, நண்பர்கள் அத்தனை பேருக்கும் வணக்கம் சொல்லி, நீட்டுகிற கோப்பைகளையெல்லாம் தாண்டி, பின்வாசல் வழியாக மையத்துக்குப் போகலாம். போன வருஷம் கவிழ்ந்த டிரம்ஸ்காரரே, "அத்தனை பேர் கண்ணு முன்னாடி அந்தப் பலகைக்குக் கீழ நுழையறதுக்கு இன்னொரு தடவை கவுந்துடலாம்" என்று சொல்லிவிட்டு, அரங்கிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நுழைந்தது சவுண்டுக்காரர் ஒருவர்தான்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழில். பாடகர் எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவார், எந்த மைக் எந்த மழையில் கரகரக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். குடியை விட்டு இன்றோடு ஐம்பத்தேழு நாள். காலையில் பிரச்சினை இல்லை. நிகழ்ச்சி ஓடும்போதும் இல்லை, பத்து விரலுக்கும் வேலை இருக்கும். நாலு மணிக்கு ஒலிச் சோதனை முடிந்து ஆறு மணி வரைக்கும் ஒரு வேலையும் கிடையாது பாருங்கள், அந்த இரண்டு மணி நேரம்தான் அவருக்கு எமன். சகாக்கள் எல்லாரும் அரங்குக்குப் போய்விடுவார்கள். தனியாக உட்கார்ந்தால் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும்.

இன்றைக்கு நடக்கக் கூடாது. அவர் மகள் ஒரு வருஷமாக அவரோடு பேசவில்லை. அவள் கல்லூரி விழாவுக்கு இவர்தான் சவுண்டு. போதையில் மேடையேறி, மகள் பாட வேண்டிய பாட்டை இவரே பாடினார். அதற்கப்புறம் போன வாரம்தான் முதல் தடவையாக வாய் திறந்து, நீங்க வேலை செய்யறதைப் பக்கத்துல நின்னு பார்க்கணும் என்றாள். மனைவி நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: ஆறு மணிக்கு வாசலுக்கு நீங்களே வந்து கூட்டிட்டுப் போகணும், வாசனை வந்துச்சுன்னா அங்கேயிருந்தே திரும்பிடுவோம், அப்புறம் நீங்க யாரோ நாங்க யாரோ.

ஆகவே சவுண்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அரங்கைக் கடந்து, நாலு அடித்து ஐந்து நிமிஷத்துக்கு மையத்தை அடைந்தார்.

உள்ளே இருந்த ஒருங்கிணைப்பாளருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்க ஓடிவந்து, சவுண்டுக்காரரைத் தோளைப் பிடித்து பீன் பேக்கில் அமுக்கினார். பாவம், காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் ஐம்பது பயனாளிகள் என்பது அவருக்குக் கொடுத்த இலக்கு. ஐந்தேகாலுக்கு விழாக் குழுத் தலைவரே நேரில் வந்து மையத்தைத் திறந்து வைக்கப் போகிறார். அதற்குள் ஒரு பயனாளியாவது கண்ணில் பட வேண்டாமா?

சவுண்டுக்காரர் தன் தேவையைச் சொன்னார். மருந்து வேண்டாம், புத்திமதி வேண்டாம், ஆறு மணி வரைக்கும் யாராவது கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும்.

ஒருங்கிணைப்பாளர் ஒன்பது பக்கப் படிவத்தை எடுத்தார். பெயர், வயது, தொழில், கவலையின் வகை, கவலை தொடங்கிய தேதி எல்லாம் முடிந்து நாலாம் பக்கத்துக்கு வந்ததும் போதையை அளக்கிற ஒரு ஊதுகருவியை நீட்டினார். சவுண்டுக்காரர் ஊதினார். கருவியிலிருந்து ஒரு பெண் குரல் மிகுந்த வருத்தத்தோடு சொன்னது: "மன்னிக்கவும். தாங்கள் தகுதி பெறவில்லை."

ஒருங்கிணைப்பாளரின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன சார், பூஜ்யம் காட்டுது?"

"குடிக்கலை சார். அதான் சொன்னேனே, ஐம்பத்தேழு நாள்."

"படிவத்துல ரெண்டே கட்டம்தான் சார் இருக்கு. குடிக்கிறவர், குடிச்சிட்டு விட விரும்புறவர். விட்டவருக்குக் கட்டம் இல்லையே. நீங்கதான் விட்டாச்சே, உங்களுக்கு எதுக்கு உதவி?"

"விட்டதைத் திரும்பப் பிடிக்காம இருக்கறதுக்குத்தான்."

"புரியுது. ஆனா பாருங்க, குளத்துல விழுந்தவரைத் தூக்கறதுதான் எங்க வேலை. கரையில நிக்கிறவரைத் தூக்கினோம்னு எழுதினா மேல கேள்வி வரும்."

"கால் வழுக்குது சார்."

"வழுக்கட்டும். விழுந்ததும் வாங்க."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷர், மனசார உதவத்தான் நினைத்தார். கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, விதிக்கு உட்பட்ட ஒரு வழியும் சொன்னார். உபசரிப்பு அரங்கு பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. சாருக்கு மூன்று கூப்பன் இருக்கிறது. ஒன்றே ஒன்றை மட்டும் உபயோகித்துவிட்டு வந்தால் கருவி ஏற்றுக்கொள்ளும், முதல் பயனாளி என்ற முன்னுரிமையும் கிடைக்கும், ஆறு மணி வரைக்கும் என்ன, ராத்திரி வரைக்கும் கூடவே உட்கார்ந்திருப்பார். வேண்டுமானால் ஒரு கடிதமும் தருவார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் பாவம் செய்துவிட்டு வா என்கிறான்.

சவுண்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து கூப்பன்களை எடுத்துப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நிமிஷம் அவருக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ஐம்பத்தேழு நாளாக மனசு ஒரு சாக்கைத் தேடி அலைந்தது. இப்போது அதிகாரபூர்வமாக, கடிதத்தோடு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு கோப்பை. இப்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆறுக்குள் வாயைக் கொப்பளித்து, ஏலக்காய் மென்று, தூரமாக நின்று பேசினால்...

எழுந்திருக்கப் போனார். முடியவில்லை.

பீன் பேக் அவரை இடுப்பு வரைக்கும் விழுங்கியிருந்தது. ஐம்பது வயசு, இரண்டு முட்டியிலும் வலி, பிடித்துக்கொள்ளக் கை எட்டும் தூரத்தில் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் உள்ளே போனது. கொஞ்சம் கை கொடுங்கள் என்றார்.

ஒருங்கிணைப்பாளர் இரண்டடி பின்வாங்கினார். "தொடக் கூடாது சார். தொடுதலுக்குத் தனி ஒப்புதல் படிவம் இருக்கு."

"வந்தப்ப தோளைப் பிடிச்சு அமுக்கினீங்களே?"

"அது வரவேற்பு. வரவேற்புக்குப் படிவம் கிடையாது."

ஒப்புதல் படிவம் மூன்று பிரதி. இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அரங்கிலிருந்து சாட்சிகளை அழைத்து வரலாம் என்றால், தெளிவாக இருக்கிற சாட்சியாக இருக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு சொன்னது. ஒருங்கிணைப்பாளர் போய் இருபது நிமிஷம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். சவுண்டுக்காரர் கையில் கூப்பனோடு, பத்தடி தூரத்தில் கோப்பைகள் மோதுகிற சத்தத்தைக் கேட்டபடி, அசைய முடியாமல் கிடந்தார். அப்போது அவர் அந்தப் பையைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை.

ஐந்தேகாலுக்குத் தலைவர் வந்தார். கூடவே உதவியாளர்கள் இரண்டு பேர், புகைப்படக்காரர் ஒருவர். ரிப்பன் வெட்டுவது பழைய வழக்கம், ஊதித் திறந்து வைப்பதே புதுமை என்று ஒருங்கிணைப்பாளர் ஏற்பாடு செய்திருந்தார். தலைவர் ஊதுகருவியைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். ஆனால் கேமரா தயாராகிவிட்டது. சிரித்தபடி ஊதினார்.

"வாழ்த்துகள்!" என்றது பெண் குரல். "ஐம்பத்தெட்டு. தாங்கள் தகுதி பெற்றுள்ளீர்கள்."

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய யானையை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிந்தது. பயனாளி கிடைத்த பரவசத்தில் உரக்க அறிவித்தார்: "நம் தலைவர் அவர்கள், பணியாளர்களின் தயக்கத்தைப் போக்கும் பொருட்டு, தாமே முன்னுதாரணமாக முதல் பயனாளியாகியிருக்கிறார்!" உதவியாளர்கள் கைதட்டினார்கள். தலைவரை இன்னொரு பீன் பேக்கில் அமர்த்தி, கையில் மயில் புத்தகத்தையும் பச்சைப் பென்சிலையும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவராலும் எழுந்திருக்க முடியவில்லை.

மற்றவர்கள் படிவத்தைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருக்கையில், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். தலைவர் மயிலின் ஒரு இறகுக்கு மட்டும் பச்சை தீட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"நீங்க எத்தனை நாளா விட்டிருக்கீங்க?"

"ஐம்பத்தேழு."

"நான் இன்னைக்குக் காலையில விட்டேன். மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு."

"யார்கிட்டயாவது சொல்லலாமே, சார்."

"இந்தக் கூடாரத்துக்கு உத்தரவு போட்டதே நான்தான். நான் போய் யார்கிட்ட சொல்றது?"

சவுண்டுக்காரருக்கு அந்த மனுஷரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. முதல் வாரத்தில் கை நடுங்குவது, ராத்திரி வேர்ப்பது, பத்தாம் நாள் வருகிற பொய்யான தைரியம் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் தன் தம்பி சாராயத்தில் போன கதையைச் சொன்னார். பேச்சு எங்கேயோ போய், பழைய பாட்டுகள், மகள்கள் என்று நீண்டது. சவுண்டுக்காரர் கையிலிருந்த கூப்பன்கள் எப்போது சட்டைப் பைக்குத் திரும்பின என்று அவருக்கே தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஆறாக ஐந்து நிமிஷம்.

அதற்குள் உதவியாளர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தகுதி வரிசைப்படி தலைவரை முதலில் தூக்கினார்கள், பிறகு சவுண்டுக்காரரை. வெளியேறும் முன் மறுபடி ஊத வேண்டும் என்பது விதி. தலைவருக்கு ஐம்பத்தெட்டு நாற்பத்தாறாக இறங்கியிருந்தது. "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்" என்று எழுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். சவுண்டுக்காரருக்கு முன்னால் பூஜ்யம், பின்னாலும் பூஜ்யம்.

"முன்னேற்றம் எதுவும் இல்லை" என்று அவர் சான்றிதழில் எழுதி முத்திரை குத்தினார் ஒருங்கிணைப்பாளர். "மனசைத் தளர விடாதீங்க சார், அடுத்த வருஷம் முயற்சி பண்ணலாம்" என்று ஆறுதலும் சொன்னார்.

வாசலில் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் நலம்கூட விசாரிக்காமல் கிட்டே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். மெழுகுவத்தி வாசனைதான் வந்தது. மனைவி அவர் கையிலிருந்த சான்றிதழை வாங்கிப் படித்தாள், பூஜ்யங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள், நாலாக மடித்துக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையைக்கூட அவள் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

ஆறரைக்கு விளக்குகள் எரிந்தன. கன்சோல் பக்கத்தில் ஒயர்ப் பெட்டி மேல் உட்கார்ந்து, மையத்தின் கதையை மூன்று பிரதிப் படிவம் வரைக்கும் மகள் அப்பாவிடம் கேட்டு முடித்திருந்தாள். முதலில் தலைவர் உரை. ஒருங்கிணைப்பாளர் அரை மணியில் தயாரித்த அறிக்கையை அவர் வாசித்தார். மனநல மையம் மாபெரும் வெற்றி. ஆயினும் முதல் நாளில் தகுதி பெற்ற பயனாளி ஒருவர் மட்டுமே. காரணம் ஆராயப்பட்டதில், பணியாளர்கள் போதிய அளவு தகுதி பெற வாய்ப்பில்லாதது தெரியவந்துள்ளது. ஆகவே அடுத்த ஆண்டு முதல் உபசரிப்புக் கூப்பன் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்படும்.

வாசிக்கும்போது அவர் குரல் கடைசி வரியில் தடுமாறியதை ஹெட்செட்டில் சவுண்டுக்காரர் கேட்டார். வேறு யாருக்கும் கேட்டிருக்காது, கைதட்டல் அப்படி. மேடை ஓரத்தில் டிரம்ஸ்காரர் நின்றிருந்தார். இரண்டு கையும் தேவைப்பட்டதால் கோப்பையைப் பல்லில் கவ்விக்கொண்டு தட்டினார்.

ஐந்து என்று காதில் விழுந்ததும், இரண்டு நாளைக்குப் பத்து என்று தன் மனசும் சட்டென்று கணக்குப் போட்டதை சவுண்டுக்காரர் கவனித்தார். வெட்கமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து மூன்று கூப்பனையும் எடுத்து மகள் கையில் வைத்தார்.

"அடுத்த வருஷம் அஞ்சு தருவாங்களாம்மா. நீதான் நாலு மணிக்கே வந்து வாங்கி வெச்சுக்கணும். ஆறு மணி வரைக்கும் கூட உக்காந்திருக்கணும்."

மகள் கூப்பன்களை எண்ணிப் பார்த்தாள். மூன்றும் இருந்தன.

"சரிப்பா. அதுக்கு எத்தனை பிரதி கையெழுத்துப் போடணும்?" என்றாள்.