புகையில்லாத உலைக்குப் புகைபோக்கி

இரும்பு ஆராய்ச்சி அலுவலகம் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. அங்கே இரும்பு நாற்காலி உண்டு, இரும்பு பீரோ உண்டு, இரும்புப் பூட்டு உண்டு. இரும்பு செய்ததாக மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்தில் ஒரு பெண் பொறியாளர் வந்து சேர்ந்து, வேலை செய்து தொலைத்தார்.

தாதுத் தூளையும் கரித்தூளையும் கலந்து, பீரோ அளவு பெட்டிக்குள் வைத்து மூடி, நுண்ணலையைப் பாய்ச்சினார். வீட்டில் சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் இருக்கிறதே, அதே சங்கதிதான். கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். தீ மூட்டவில்லை, புகையும் இல்லை. திறந்தால் உள்ளே நிஜ இரும்பு. மந்திரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் இதையே பெரிய உலையாகக் கட்டலாம், இல்லாவிட்டால் பெட்டி பழைய சாமான் கடைக்கு என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது.

இயக்குநர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகமே சரியில்லை.

"ஏம்மா, இதுல நெருப்பு எங்க, புகை எங்க?"

"புகை வராதுங்க சார். அதுதான் இதோட பெருமையே."

"அப்போ மந்திரி எதைப் பாத்துக் கை தட்டுவார்? போட்டோவுல பீரோ மாதிரியில்ல விழும்."

மேற்படி குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டுக் குழு அமைக்கப்பட்டது. புகையில்லாத் தொழில்நுட்பத்தின் மேன்மையைப் பொதுமக்கள் கண்ணாரக் காணும் வண்ணம் புகைபோக்கி ஒன்று எழுப்புவதென்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அடியில் ஈர வைக்கோல் எரிக்கப் புகை மேற்பார்வையாளர் என்றொரு பதவி. நாடெங்கும் சல்லடை போட்டுத் தேடியதில் இயக்குநரின் மச்சான்தான் அகப்பட்டார்.

விழா நாளில் மேடை விளக்கும் ஏசியும் கரண்டை மொத்தமாக விழுங்கிவிட்டன. உலைக்குக் கரண்ட் இல்லையென்று பொறியாளர் ஓடிவந்து இயக்குநரின் காதைக் கடித்தார். புகைதான் வருகிறதே, அப்புறமென்ன என்று கேட்டுவிட்டு அவர் மாலையைச் சரிபார்க்கப் போனார். மந்திரி அண்ணாந்து பார்த்தார், அசந்துபோனார். நாங்களும் இருமிக்கொண்டே கை தட்டினோம். கடையில் வாங்கிய எடைக்கல் ஒன்றைத் துடைத்து, உலையில் வந்த இரும்பென்று அவர் கையில் கொடுத்தார்கள். இன்னும் சூடாகவே இருக்கிறது என்று மந்திரி பரவசப்பட்டார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பெட்டியின் உதவியின்றியே புகை சீராக வருவது மெய்ப்பிக்கப்பட்டபடியால், பெட்டி அப்புறப்படுத்தப்பட வேண்டியது. பொறியாளர், மச்சானின் கீழ் வைக்கோல் நனைக்கும் பணியில் அமர்த்தப்படுகிறார்.

பெட்டியை வண்டியில் ஏற்றியபோது அந்த அம்மா வாசல்வரை கூடவே வந்து அழுதார். தெருவே பார்த்தது. நமக்கெதற்கு வம்பென்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சில மாதம் வைக்கோல் நனைத்தார். ஒருநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல், எரிகிற வைக்கோல்மேல் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டார். புகை நின்றது.

வந்ததே கோபம் எங்களுக்கு! ஓட்டுப்போடக்கூட வெளியே வராத வாத்தியார் முன்வரிசையில் நிற்க, அலுவலக வாசலில் தெருவே திரண்டது. எங்கள் ஊர் இரும்பு ஆலையை மூடியது யார் என்று கேட்டோம். அந்த அம்மா வெளியே வந்து, இரும்பு நின்றுபோய் மாதக்கணக்காகிறது, இது வெறும் வைக்கோல் என்று பொறுமையாகச் சொன்னார்.

"புகையை நிறுத்தினவங்க பேச்சை நாங்க எப்படிம்மா நம்புறது?" என்றார் மளிகைக்காரர். நியாயமான கேள்வி.

அந்த அம்மாவை வேலையைவிட்டு நீக்கும்படி மனு கொடுத்தோம். எங்கள் தெரு கொடுத்த மனுவுக்கு அன்றைக்கே நடவடிக்கை எடுத்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் மறுபடி புகை வந்தது. எல்லோரும் ஜன்னலைத் திறந்துவைத்து நிம்மதியாக இருமினோம்.