கடத்தல் அண்ணாச்சி விமானம் கேட்கவில்லை

உலகத்தில் பேருந்து கடத்தியவர்களிலேயே மிகவும் நல்லவர் எங்கள் கடத்தல் அண்ணாச்சிதான். வியட்நாமின் சைகோனில், டான் சோன் நாட் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் நானும் அவரும் வேலை பார்த்தோம். அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது தொழில். கடத்தல், கூப்பிட்டால் மட்டும்.

கூப்பிட்டவர்கள் பக்கத்துப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள். பாதுகாப்பு அதிகாரிகளாகப் போகிறவர்களுக்கு அங்கே பேருந்துக் கடத்தல் ஒத்திகை நடக்கும். வெளிநாட்டு முகங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் மேனேஜர் தாராளமாக எங்களைக் கொடுத்துவிட்டார். நாங்கள் பணயக்கைதிகள். மீசை இருந்ததால் அண்ணாச்சி கடத்தல்காரர்.

முதல் ஒத்திகையில், வேர்க்கிறது என்று ஒரு பெண் சொன்னதும் அவளை இறக்கி நிழலில் உட்காரவைத்தார். இன்னொருவருக்கு அவசரமாக ஒண்ணுக்கு வந்தது. அவரையும் விட்டார். மாணவர்கள் பேருந்தைச் சுற்றி வளைத்தபோது, உள்ளே அண்ணாச்சியும் ஓட்டுநரும் மட்டும் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டது கிடைக்கும்வரை யாரையும் விடக் கூடாது" என்று ஆசிரியர் கடிந்துகொண்டார். அண்ணாச்சி அதை மனதில் வாங்கிக்கொண்டார்.

இறுதித் தேர்வு வந்தது. போட்டோ எடுப்பார்கள் என்பதால் மேனேஜரும் பணயக்கைதியாக வந்து முன் சீட்டில் அமர்ந்தார். பேச்சுவார்த்தை நடத்த வேண்டியவள் லான் என்ற மாணவி. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள். விமானம் என்று சொல்லும்படி அண்ணாச்சிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அண்ணாச்சி பொம்மைத் துப்பாக்கியை மேனேஜர் பக்கம் திருப்பினார். "லீவு."

மேனேஜர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"என்னய்யா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல சார். புள்ள பொறந்து தவழவே ஆரம்பிச்சிட்டு. இன்னும் போன்லதான் பாக்கேன். எப்பக் கேட்டாலும் சீசன்னு சொல்லுதீய."

"அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"ஆபீஸ்ல நீங்க கதவச் சாத்திக்கிடுதீய. இங்க கதவு எங்கிட்ட இருக்கு."

நான் ஜன்னல் வழியே லானுக்கு மொழிபெயர்த்தேன். அவள் படித்த பாடத்தில் இது இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "லீவு கிடைக்கும். என் பொறுப்பு" என்றாள். பேருந்தில் ஏசி இல்லை. மேனேஜரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சரி, போய்த் தொலைய்யா."

அண்ணாச்சி உடனே கதவைத் திறந்து, எல்லாரையும் கைபிடித்து இறக்கிவிட்டார்.

கீழே வந்ததும் மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒத்திகைல சொன்னதெல்லாம் கணக்கா?" என்று ஆங்கிலத்திலும் ஒருமுறை கேட்டார். லான் அவர் எதிரே வந்து நின்றாள்.

"சார், நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அது பொய்யானால் நான் பெயில்."

ஆசிரியர் ஆமென்று தலையசைத்தார். சுற்றிலும் சீருடைகள். மேனேஜர் மறுபடியும் லீவு கொடுத்தார்.

அண்ணாச்சி ஊருக்குப் போய்ச் சேர்ந்து போன் பண்ணினார். "புள்ள எங்காதப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குது. அசைய முடியல. அப்புறம் பேசுதேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்.

அவர் திரும்பி வந்த நாளில் எனக்கு ஷிப்ட் கிடையாது. விமான நிலையத்தில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் குளித்து, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, வெளிவாசலில் போய் நின்றேன்.