மாறிலியும் மாப்பிள்ளையும்

கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனிடம் கலியாணப் பொறுப்பைக் கொடுக்கக்கூடாது. (எனக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.)

எங்கள் ஊர் சரவணையில் அக்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை நெடுந்தீவு. எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பியான நான்தான் தோழனாகப் போய் மாப்பிள்ளையைப் படகில் அழைத்து வரவேண்டும். போரால் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை விழுந்திருந்த காலம். படகு எஞ்சினைப் பெற்றோலில்தான் எழுப்புவார்கள். எழும்பிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எழுப்பும் பெற்றோல் மாறிலி, ஒரு தரத்துக்கு ஒரு கோப்பை. தூரம் x, மைலுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய். போகவர x-க்குப் பதினான்கைப் பிரதியிட்டேன். விடை: இரண்டு கோப்பை, பதினான்கு போத்தல். கீழே இரட்டைக் கோடும் அடித்தேன்.

"கொஞ்சம் கூடக் கொண்டுபோவன்," என்றார் அம்மா.

"கணக்கெண்டால் கணக்குத்தான் அம்மா."

மிச்சப் பெற்றோலை ஐயரை ஏற்றப்போகும் காருக்கு ஊற்றிவிட்டேன். படகுக்கார அந்தோனி அண்ணையும் தடுக்கவில்லை. "நீர் படிச்ச பிள்ளை, பிழைக்காது," என்றார்.

நெடுந்தீவில் மாப்பிள்ளைக்கு இன்னும் சவரமே முடியவில்லை. பயணம் வெளிக்கிட வைத்த நல்ல நேரமோ முடியப்போகிறது. அவருடைய பெரியப்பா அசரவில்லை. "தாலிப் பெட்டியைப் படகில ஏத்துங்கோ. நல்ல நேரத்தில வெளிக்கிட்டு, ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ. மாப்பிள்ளை ஆறுதலாய் ஏறட்டும்!"

நானும் தாலிப் பெட்டியும் ஒரு வட்டமடித்துத் துறைக்கே திரும்பினோம். "எஞ்சினை நிப்பாட்டுங்கோ அண்ணை, மண்ணெண்ணெய் வீணாகுது," என்று கட்டளை போட்டதும் நான்தான்.

எல்லாரும் ஏறிய பிறகு அந்தோனி அண்ணை பெற்றோல் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு துளி விழுந்தது.

"முடிஞ்சுது, தம்பி."

இரண்டு தரம் எழுப்பவேண்டிய எஞ்சினை நான் மூன்று தரமாக்கியிருந்தேன். என் மாறிலி மாறிவிட்டிருந்தது. முகூர்த்தம் தப்பினால் ஆடி பிறந்துவிடும். ஆவணி வரை கலியாணம் இல்லை. ஆவணியில் யார் எங்கே இருப்போம் என்று சொல்ல ஏலாத நாட்கள் அவை. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. உண்மையாகவே பயந்துபோனேன்.

அண்ணை கயிற்றை இழுத்தார். நான் இழுத்தேன். எஞ்சின் இருமக்கூட இல்லை.

"ஆர் கணக்குப் பார்த்தது?" என்றார் பெரியப்பா.

நான் இன்னொரு தரம் கயிற்றை இழுத்தேன்.

கடைசியில் மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில் வடித்த பெற்றோலை ஊற்றி ஒரே இழுவை. எஞ்சின் உறுமியது, படகு துள்ளியது. துள்ளலில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் அப்படியே அவர் வேட்டியில் கொட்டியது. தென்மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்றுப் பின்னாலிருந்து தள்ளியதால், மிஞ்சிய மண்ணெண்ணெயில் ஒருவாறு கரை சேர்ந்தோம். வேட்டி மாற்றத்தான் நேரமில்லை.

மணவறையில் ஐயர் ஓமம் வளர்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "ஆர் இஞ்சை மண்ணெண்ணெய் கொண்டந்தது?" மாப்பிள்ளை மெல்லக் கையை உயர்த்தினார்.

"ஐயோ, அவரைப் பின்னால தள்ளுங்கோ!"

முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. ஆனால் அக்காதான் எழுந்து, பந்தலின் மறு அந்தத்தில் நின்ற அத்தானிடம் போய்க் கழுத்தைக் கொடுத்தார். கலியாண அல்பத்தில் அந்தப் படத்தைக் கண்டு பிள்ளைகள் காரணம் கேட்கும்போதெல்லாம் அக்கா என்னைக் காட்டுவார்:

"தாலி ஏற முதலே எனக்குத் தாலியறுக்கப் பார்த்த ஆள், உங்கட மாமா."