வாடின ரோஜாவுக்கு நான் செய்த உதவி

யாரும் கேட்காமலே உதவி செய்கிற வியாதி எனக்கு உண்டு. எங்கள் ஹோலில் தொங்கும் ரோஜாப் படம் அதற்குச் சாட்சி. வீட்டுக்கு வருகிற எல்லாரும் அதைப் பற்றிக் கேட்டுத் தொலைக்கிறார்கள். நானும் சொல்லித் தொலைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், எப்சம் என்ற புறநகரில் மிஸிஸ் ஹார்லோ என்ற அம்மையாரின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். கொழும்பில் இருந்த மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது. அவளும் அங்கேயே தங்கலாமா என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை சொல்வதாக அம்மையார் சொல்லியிருந்தார்.

அவர் இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில் பூ வரைபவர். முன்னறை மேசையில் ஒரு கசங்கிய துணி, அதன்மேல் ஜாடி, ஜாடியில் நான்கு நாள் ரோஜாக்கள். தான் வரைவது பூவை அல்ல, அதன்மேல் விழும் வெளிச்சத்தை என்பார். நிழல்கூடக் கறுப்பில்லையாம், ஊதாவாம். (எனக்கு விளங்கியது: கிட்டப் போனால் பெயின்ட், எட்டப் போனால் பூ.)

வெள்ளி காலை அவர் கடைக்குப் போனார். குளித்துத் திருநீறு பூசி வந்து பார்க்கிறேன், ரோஜாக்கள் தலை தொங்கி, மேசையெல்லாம் இதழ். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாடின பூவை வீட்டில் வைத்திருக்கலாமா? அள்ளிக் குப்பையில் போட்டேன். டெயரிக்கு (மூலைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர்) ஓடி மஞ்சள் செவ்வந்தி வாங்கினேன். அதோடு விட்டேனா? ஜாடியைத் தேய்த்துக் கழுவி மேசையின் சரி நடுவில் வைத்தேன். துணியை அயர்ன் பண்ணினேன்!

அம்மையார் வந்தார். மேசையைப் பார்த்தார், பாதிப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது வாடட்டும் என்றுதான் நான்கு நாள் காத்திருந்தேன்."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு, தேயிலைச் சக்கையைத் தட்டித் தட்டி ரோஜாக்களை மீட்டேன். ஒன்றுக்கு மட்டும் காம்பு முறிந்திருந்தது. பிடித்துக்கொண்டு நில் என்றார். மூன்று மணி நேரம் மேசையோரம் முழங்காலில் நின்றேன். மூக்கு அரித்து லேசாக அசைந்ததற்கு ஒரு "ச்" விழுந்தது. மனைவி சூட்கேசோடு நடுரோட்டில் நிற்பது கண்ணுக்குள் வந்துபோனது.

கடைசியில், தூரிகையைக் கழுவியபடி சொன்னார்: "அவள் வரட்டும். ஆனால் நீ இனி இந்த வீட்டில் எதையும் சுத்தம் செய்யக் கூடாது."

(என் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக நான் கடைப்பிடித்த உத்தரவு வேறில்லை. மனைவிக்கு அம்மையார்மேல் இன்னும் கோபம்.)

நாங்கள் வீடு மாறியபோது அம்மையார் அந்தப் படத்தை அவளிடமே கொடுத்துவிட்டார். வருகிறவர்கள் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்:

"ரோஜா சரி. ஓரத்தில ஊதாவா என்ன, கத்தரிக்காயோ?"

மனைவி தேத்தண்ணியை நீட்டியபடி சொல்வாள்:

"இல்லை, அது என்ர மனுசன்."