நானூற்றுப் பதினேழாம் மரத்துக்குச் சிவப்புப் பொட்டு

அந்த மரம் ஒழிந்தால்தான் தன் மானம் பிழைக்கும் என்று மர இன்ஸ்பெக்டர் ஒரு திங்கட்கிழமை காலை முடிவு கட்டினார்.

மரத்தின் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நகராட்சிக் கணக்கில் தெருமரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. இது நானூற்றுப் பதினேழு. இருபது வருடமாக அவர் வீட்டு வாசலில் வம்பு தும்பு இல்லாமல் நிற்கிறது. கோபமெல்லாம் அதன் நிழல் மேல்தான். தினமும் நாலு மணிக்கு அவர் மனைவி அந்த நிழலில் நாற்காலி போடுவாள். தெருப் பெண்கள் ஒரு டஜன் பேர் கூடிவிடுவார்கள். ஆறு மணிவரை அலசிக் காயப்போடப்படுவது ஒரே விஷயம், இன்ஸ்பெக்டர். கரப்பான்பூச்சிக்குப் பயந்து அவர் அலமாரி மேல் ஏறிய கதை, மறுநாள் அவருக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பியூன் விஷயம் தெரிந்து, ஏணி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டான்.

நிழல் போனால் கூட்டம் கலையும். சிவப்புப் பொட்டு வைத்தால் வெட்டவேண்டிய மரம் என்று அர்த்தம். பெயின்ட் டப்பாவும் அவர் கையில், பிரஷும் அவர் கையில். யார் கேட்பது?

மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கருங்கல்லாக இருந்தது. படிவத்தில் 'உள்ளே பொந்து' என்று எழுதினார். பொட்டை மதில்சுவரைப் பார்த்த பக்கம் வைத்தார். ஆட்சேபணை கேட்டுப் பதினைந்து நாள் நோட்டீஸ் ஒட்டவேண்டும் என்பது சட்டம். அதையும் அதே பக்கம் ஒட்டினார். இனிப் பல்லி படித்தால்தான் உண்டு.

மறுநாள் மனைவி டீயோடு வந்தாள்.

"ஏங்க, நம்ம மரத்துக்குள்ள பொந்தாமே?"

"உனக்கு யார் சொன்னது?"

"உங்க சட்டைக் கை சொல்லுச்சு. துவைக்கப் போட்டேன், சிவப்புப் பெயின்ட். சரின்னு மரத்தை ஒரு சுத்து சுத்தி வந்தேன், பின்னாடி நோட்டீஸ். பொந்து எங்கங்க?"

"அது வெளியே தெரியாத பொந்து. படிச்சவங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

"எவ்வளவு ஆழம்?"

"அபாயமான ஆழம்."

"ஐயோ பாவம். அப்ப ஆகவேண்டியதைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் இப்படித் தலையாட்டியதில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்கவேண்டும். மனுஷர் சந்தோஷத்தில் இன்னொரு டீ கேட்டார்.

பதினைந்தாம் நாள் தோட்டப் பிரிவு அதிகாரியம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் ஒரு கத்தைக் காகிதம்.

"உங்க மரத்துக்குப் பன்னிரண்டு ஆட்சேபணை வந்திருக்கு சார். பத்தைத் தாண்டினா பதினொண்ணாவது விதி. நீங்க எழுதினதுதானே?"

நகரத்து மரங்களுக்கெல்லாம் புதுத் திட்டம் போட்டபோது விதிகளை எழுதியவர் இன்ஸ்பெக்டரேதான். அவசரக்குடுக்கையாகப் பொட்டு வைக்கிற மற்ற இன்ஸ்பெக்டர்களுக்குக் கடிவாளம் போட எழுதியது அந்தப் பதினொன்றாவது விதி. பத்துக்கு மேல் ஆட்சேபணை வந்தால், பொட்டு வைத்தவரே ஒரு வருடம், ஜனங்கள் புழங்குகிற நேரத்தில் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, அங்கே நடப்பதை ஒன்றுவிடாமல் குறிப்பெடுக்கவேண்டும். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. ஆகவே விதி முழுவதையும் உட்கார்ந்து அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தவள் அவர் மனைவி.

"பொட்டை வேணும்னா அழிச்சிடறேனே மேடம்."

"அழிக்கக்கூடாதுன்னு பன்னிரண்டாவது விதி இருக்கே. அதுவும் நீங்க எழுதினதுதான்."

மறுநாள் நாலு மணிக்கு மரத்தடியில் ஒரு நாற்காலி கூடுதலாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் மடியில் நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, "வாங்கண்ணே" என்று அவரையே வரவேற்றார்கள்.

"எங்க வீட்டுக்காரர் மீசைக்கு டைன்னு நினைச்சு ஷூ பாலிஷை எடுத்துப் பூசிக்கிட்டு கல்யாணத்துக்கு வந்துட்டாருடி," என்று மனைவி ஆரம்பித்தாள். "அது என்னைக்கு, செவ்வாயா புதனா?"

பன்னிரண்டு முகமும் அவர் பக்கம் திரும்பியது.

"புதன்," என்றார் இன்ஸ்பெக்டர், எழுதுவதை நிறுத்தாமல். "பிரவுன் பாலிஷ்."